பிராங்கன்மூத்: கிறிஸ்துமஸ் ஊருக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

மிச்சிகன் மாநிலத்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேரும் தமிழர்களுக்கு, முதல் டிசம்பரில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லும் ஊர் பிராங்கன்மூத். டெட்ராய்ட்டிலிருந்து வடக்கே சுமார் 90 மைல், காரில் ஒன்றரை மணி நேரம். ஏறத்தாழ ஐந்தாயிரம் பேர் வாழும் சிற்றூர். ஆண்டுக்கு 361 நாள் திறந்திருக்கும் பிரானர்ஸ் என்ற கிறிஸ்துமஸ் கடை ஒன்று அங்கே இருக்கிறது. நவம்பர் இறுதி வந்துவிட்டால் ஊர் முழுக்க விளக்குதான். ஆனாலும் போய்வந்தவர்களில் பலர், "கடை பெரிதுதான், கூட்டம் தாங்கவில்லை" என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமை மதியம் கிளம்பி, நேரே கடைக்குள் நுழைந்து, பசியோடு வெளியே வந்து, சாப்பாட்டு மேசைக்காக நெடுநேரம் காத்திருந்து, அலுப்போடு வீடு திரும்பினால் வேறு எதைச் சொல்ல முடியும்?

பார்க்க வேண்டிய அழகு இந்த ஊரில் இருட்டிய பிறகுதான் தொடங்குகிறது. டிசம்பர் நடுவில் மாலை ஐந்து மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அந்த ஐந்து மணியை நடுவில் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்னும் பின்னுமாக அடுக்குங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

போவதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, இல்லையென்றால் எல்லாம் சினிமா செட் போலத் தோன்றும். 1845-இல் ஜெர்மனியின் பிராங்கோனியா பகுதியிலிருந்து வந்த ஒரு சிறு லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழி வந்த கிறிஸ்தவப் பிரிவு) கூட்டம் அமைத்த குடியிருப்பு இது. நாயென்டெட்டெல்சாவ் ஊரின் பாதிரியார் வில்ஹெல்ம் லோயே அவர்களை அனுப்பினார். அப்பகுதியின் பூர்வகுடிகளான சிப்பேவா மக்களிடையே சமயப் பணி செய்வது நோக்கம். 1706-இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதும் இதே லுத்தரன் மரபிலிருந்துதான் என்பதால், நம்மூர்க் கிறிஸ்தவர்களில் சிலருக்கு இங்குள்ள ஆலயங்களுக்குள் நுழையும்போது அந்நியமாகவே இருக்காது. ஆனால் மெயின் ஸ்ட்ரீட்டில் நீங்கள் பார்க்கும் தென் ஜெர்மனியின் பவேரிய பாணிக் கூரைகளும் சுவர் ஓவியங்களும் 1845-இன் மிச்சம் அல்ல. 1950-களின் இறுதியில் பவேரியன் இன் உணவகம் தன் கட்டடத்தை அந்தப் பாணியில் விரித்துக் கட்டியது. வியாபாரம் சூடுபிடிக்கவே மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். ஆக, முகப்பு வியாபாரத்துக்கு வந்தது, அதன் பின்னால் இருக்கும் சபையும் குடும்பங்களும் பழையவை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஊர் இன்னும் சுவையாக இருக்கும்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பரின் சனி, ஞாயிறுகளைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். செவ்வாய், புதன் கிழமைகளில் போனால் அதே விளக்குகள், பாதிக்கும் குறைவான கூட்டம். பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது, வார இறுதியில்தான் முடியும் என்றால், டிசம்பர் முதல் வாரத்து ஞாயிறு பரவாயில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பரின் நான்காம் வியாழன்) மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை ஊர்மக்கள் கூடி மரத்துக்கு விளக்கேற்றி, மெழுகுவத்தி ஏந்தி நடக்கும் நிகழ்ச்சி உண்டு. கூட்டம் இருக்கும் என்றாலும் அது வேறு வகைக் கூட்டம்; பாட்டுச் சத்தத்தோடு நிற்பதால் காத்திருப்பது தெரியாது.

பிரானர்ஸ் கடை மூடியிருக்கும் நாள்கள் நான்கு: புத்தாண்டு, ஈஸ்டர், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ். "கிறிஸ்துமஸ் அன்றைக்கே கிறிஸ்துமஸ் ஊருக்குப் போவோம்" என்று கிளம்பினால் பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். டிசம்பர் 24 மாலை ஆலய ஆராதனைக்குப் போக விரும்புபவர்கள் சபையின் அறிவிப்பில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். உள்ளே கைபேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும்.

போகும் வழி, உடை

கார் இல்லாமல் இந்த ஊருக்குப் போவது தொல்லை. ஊருக்கு ரயில் கிடையாது. பக்கத்தில் ஆம்ட்ராக் ரயில் வந்து நிற்பது ஃபிளின்ட்டில்தான். கார் இல்லாத மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுப்பதுதான் வழி. 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் வாடகை நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்கும் என்பதால், குழுவில் மூத்தவர் பெயரில் பதிவு செய்யுங்கள், ஓட்டுவதும் அவரே என்றால்.

டெட்ராய்ட் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஐ-75 நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, பர்ச் ரன் என்று எழுதியிருக்கும் 136-ஆவது எக்ஸிட்டில் இறங்க வேண்டும். அந்த எக்ஸிட்டிலேயே ஒரு பெரிய அவுட்லெட் கடைத்தொகுதி இருப்பதால் விடுமுறைக் காலத்தில் இறங்குமிடத்திலேயே வண்டிகள் தேங்கி நிற்கும். காலை பத்தரைக்குள் அதைக் கடந்துவிடுங்கள். பிறகு கிழக்கே கொஞ்ச தூரம், அங்கிருந்து எம்-83 சாலையில் வடக்கே. டொரோண்டோவிலிருந்து வரும் நம்மவர்கள் சார்னியாவில் பாலம் கடந்து போர்ட் ஹ்யூரன், ஃபிளின்ட் வழியாக வரலாம். எல்லையில் பழம், இறைச்சி பற்றிக் கேட்பார்கள். வழியில் சாப்பிடக் கொண்டுவருவதைச் சோறோடும் சப்பாத்தியோடும் நிறுத்திக்கொள்வது நிம்மதி.

எம்-83-இல் ஊருக்குள் நுழையும்போது இடப்பக்கம் முதலில் தென்படுவது பிரானர்ஸ்தான். பிள்ளைகள் பின்னிருக்கையில் குதிப்பார்கள். உள்ளே திரும்பாதீர்கள். நேரே மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள்.

உடை விஷயத்தில் பலர் செய்வது, ஒரே ஒரு தடிமனான ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வருவது. வெளியே பூஜ்யம் டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும், கடைக்குள் வெப்பமூட்டி அனல் பறக்கும். அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஷூவின் அடிப்பாகம் வழுக்காததாக இருக்க வேண்டும். நடைபாதையில் உப்புத் தூவியிருப்பார்கள், கேன்வாஸ் ஷூ நனைந்தால் அன்றைய நாள் போயிற்று. புடவையில் படம் எடுக்க ஆசை என்றால் உள்ளே தெர்மல் போட்டுக்கொண்டு தாராளமாகக் கட்டுங்கள். ஹவாய் செருப்பு மட்டும் கூடாது. பனி நிச்சயம் பெய்யும் என்று யாரும் உறுதி தர முடியாது. மிச்சிகனின் இந்தப் பகுதியில் டிசம்பர் வெறும் சாம்பல் வானமாகவும் போவதுண்டு.

சாப்பாடு: பதினொன்றரைக்கு உட்காருங்கள்

பிராங்கன்மூத்தின் பெயர் பெற்ற சாப்பாடு பொரித்த கோழி. மெயின் ஸ்ட்ரீட்டில் எதிரெதிரே இரண்டு பெரிய உணவகங்கள்: ஸெண்டர்ஸ், பவேரியன் இன். இரண்டும் ஸெண்டர் குடும்பத்தின் கிளைகள் நடத்துபவை. இரண்டுமே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓட்டல்களாகத் தொடங்கியவை. எது மேல் என்று மிச்சிகன்காரர்கள் சண்டை போடுவார்கள். சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் கட்சி. எங்கே வரிசை குறைவோ அங்கே போங்கள். முன்பதிவு செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். செய்யவில்லையா, பதினொன்றரைக்கு வாசலில் இருங்கள். ஒரு மணிக்குப் போய் நின்றால் பிற்பகல் முழுவதும் காத்திருப்பிலேயே கரையும்.

"குடும்பப் பாணி" என்று மெனுவில் இருப்பதைக் கேளுங்கள். தட்டுத் தட்டாக மேசைக்கு நடுவில் வைத்துவிடுவார்கள், எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் ரொட்டி, தடவிக்கொள்ளப் பாலாடைக்கட்டி அல்லது ஜாம், கோழி நூடுல்ஸ் சூப், கோஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட், புளிப்பும் இனிப்புமான கிரான்பெர்ரி. பிறகு கோழி, மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி, வெண்ணெய் போட்ட நூடுல்ஸ், ரொட்டித் துண்டில் செய்த ஸ்டஃபிங், ஒரு காய். கடைசியில் ஐஸ்கிரீம். கோழியின் மேல்தோல் மெல்லிசாக மொறுமொறுவென்று இருக்கும்; உப்பும் லேசான மசாலாவும் தவிர நாக்கைத் தொடும் காரம் எதுவும் இல்லை. பழகாதவர்கள் சப்பென்று இருக்கிறது என்பார்கள். கிரான்பெர்ரியை ஊறுகாய் தொட்டுக்கொள்வதுபோல் கோழியோடு தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், சாப்பாடு எழுந்து உட்காரும். மேசையில் மிளகு இருக்கும். காரமான சாஸ் கேட்டால் கொண்டுவருவார்கள். வெட்கப்படாதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய ஊர் இது. "கோழி வேண்டாம்" என்று சொன்னால் கோழித் துண்டை மட்டும்தான் எடுப்பார்கள். சூப், கிரேவி, ஸ்டஃபிங் மூன்றிலும் கோழிச் சாறு இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஜெர்மன் உருளைக்கிழங்கு சாலட்டிலும் சில இடங்களில் புளித்த முட்டைக்கோஸிலும் பன்றி இறைச்சித் துணுக்குகள் போடுவது வழக்கம். நூடுல்ஸ் மாவில் முட்டை உண்டு. மசித்த உருளைக்கிழங்கு, கோஸ்லா, வேகவைத்த காய், ப்ரெட்ஸல் என்ற முறுக்கு வடிவ ரொட்டி, பாலாடைக்கட்டி என்று வயிறு நிறைந்துவிடும், ஆனால் சோற்று மனம் நிறையாது. வீட்டிலிருந்து புளியோதரை கொண்டுவரும் திட்டம் நல்ல திட்டமே. சூடு தாங்கும் டப்பாவில் எடுத்து வாருங்கள், காரில் விட்டுச் சென்ற சாதம் இரண்டு மணி நேரத்தில் கல்லாகிவிடும்.

மாட்டிறைச்சியோ பன்றியோ தொடாதவர்களுக்கு ஒரு குறிப்பு: சவர்பிராட்டன் என்பது புளிப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சி, பிராட்வர்ஸ்ட் என்ற சாசேஜ் பெரும்பாலும் பன்றி, தட்டிப் பொரித்த இறைச்சியான ஷ்னிட்ஸல் எதில் செய்தது என்று கேட்டே ஆக வேண்டும். மெனுவில் உள்ள விலையோடு 6 சதவீத வரியும், பரிமாறுபவருக்கு 18 முதல் 20 சதவீத டிப்ஸும் சேரும். டிப்ஸ் இங்கே விருப்பம் அல்ல, அவர்களுடைய சம்பளத்தின் பெரும்பகுதி அதுதான்.

வெளிச்சம் இருக்கும்போது

சாப்பிட்டுவிட்டு மெயின் ஸ்ட்ரீட்டில் நடங்கள். பவேரியன் இன் முன்னால் 35 மணிகள் கொண்ட கோபுரம் நிற்கிறது. குறித்த நேரங்களில் மணிகள் இசைக்க, பொம்மைகள் வந்து ஹாமெலின் ஊர் எலி பிடிப்பவனின் கதையை நடித்துக் காட்டும். நேரத்தைப் பலகையில் பார்த்துவைத்துக்கொண்டு சுற்றுங்கள். பின்புறம் காஸ் ஆற்றின் மேல் கூரை போட்ட மரப்பாலம். 1980 வாக்கில், எருதுகளைக் கட்டி இழுத்து ஆற்றைக் கடக்கவைத்த பாலம் அது. கார் போகும் பாலத்தில் நடப்பவர்களுக்கும் தனிப் பாதை உண்டு.

பாலாடைக்கட்டிக் கடை, கம்பளிக் கடை, இனிப்புக் கடை எல்லாம் இந்தத் தெருவிலும் அதை ஒட்டியும்தான். பாலாடைக்கட்டியை ருசிபார்க்கத் தருவார்கள். ஃபட்ஜ் என்ற சாக்லேட் இனிப்பு எனக்குத் திகட்டும். ஒரு துண்டை நால்வர் பங்கிட்டால் சரியாக இருக்கும். வாங்க வேண்டியது ஸ்டோலன். உலர்திராட்சை, சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்தோல், பாதாம் எல்லாம் போட்டு, மேலே சர்க்கரைப் பொடியை அப்பிய ஜெர்மன் கிறிஸ்துமஸ் ரொட்டி. நம் பிளம் கேக்கை எதிர்பார்த்துக் கடித்தால் ஏமாற்றம்தான்; ஈரப்பதம் குறைவு, இனிப்பும் அடக்கம். மெல்லிசாக அரிந்து, வெண்ணெய் தடவி, காபியோடு சாப்பிட வேண்டும்.

கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்தில் குளூவைன் கிடைத்தால், அது பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கிய சிவப்பு ஒயின். 21 வயது நிரம்பியவர் என்பதற்கு அடையாளம் கேட்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினர்கள் பாஸ்போர்ட்டையே காட்ட வேண்டியிருக்கும். வண்டி ஓட்டுபவர் தொட வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு ஒன்று பதிவானால், மாணவர் விசாவோ வேலை விசாவோ ரத்தாகும் அளவுக்குப் போகக்கூடும். பிள்ளைகளுக்கும் ஓட்டுநருக்கும் சூடான ஆப்பிள் சைடர் இருக்கிறது; இந்த நாட்டில் சைடர் என்றால் பெரும்பாலும் போதையில்லாத பழச்சாறுதான்.

இரண்டரைக்கு பிரானர்ஸ்

இப்போது வந்த வழியே திரும்பி ஊரின் தென்கோடிக்குப் போங்கள். வண்டி நிறுத்தக் கட்டணம் இல்லை. வாலி பிரானர் என்பவர் 1945-இல் விளம்பரப் பலகை எழுதும் தொழிலாகத் தொடங்கியது இது. 1951-இல் கிளேர் என்ற ஊரின் வியாபாரிகள் தங்கள் தெருவிளக்குக் கம்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்து தரச் சொல்ல, அங்கிருந்து வளர்ந்தது. இன்றைய கடைக்கு 1977-இல் இடம் மாறினார்கள். விற்பனைக் கூடம் மட்டும் இரண்டு ஏக்கருக்கு மேல். மரத்தில் தொங்கவிடும் அலங்காரங்களில் மட்டும் ஆறாயிரம் வகை.

கதவைத் தாண்டியதும் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு, பிரிந்தால் எந்த வாசலில் சந்திப்பது என்று பேசிவிடுங்கள். பிறகு முதல் வேலை, பெயர் எழுதித் தரும் மேசை. கண்ணாடிப் பந்து ஒன்றை வாங்கிக் கொடுத்தால், மெல்லிய தூரிகையால் அங்கேயே பெயரை எழுதித் தருகிறார்கள். பந்தை இடது கையில் மெதுவாக உருட்டிக்கொண்டே, முதல் எழுத்தின் வாலை ஒரே இழுப்பில் சுழித்து முடிக்கும் லாகவத்தை நின்று பார்க்கலாம். நம் பெயர்களின் நீளம் அவர்களுக்குச் சோதனை. திருநாவுக்கரசு என்பதைச் சின்னப் பந்தில் எழுதச் சொல்லாதீர்கள், பெரிய பந்தாக எடுங்கள். ஆங்கில எழுத்துகளைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். டிசம்பரில் இங்கே வரிசை நீளும், மையும் காய வேண்டும். அதனால்தான் முதலில் கொடுத்துவிட்டு மற்றதைச் சுற்றச் சொல்கிறேன்.

குடில்களுக்கான (இயேசு பிறந்த தொழுவக் காட்சிகள்) பகுதியைத் தவறவிடாதீர்கள். பல நாடுகளில் செய்த நூற்றுக்கணக்கான குடில்கள் அங்கே இருக்கின்றன. வீட்டில் கொலு வைத்துப் பழகிய யாரையும் அங்கிருந்து கிளப்புவது கடினம். கண்ணாடியில் செய்த வெள்ளரி ஊறுகாய் ஒன்றும் விற்கும். மரத்தில் ஒளித்து வைத்துவிட்டு, முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குப் பரிசு தருவது வழக்கம். பழைய ஜெர்மானிய மரபு என்று கதை சொல்வார்கள். ஜெர்மனியில் கேட்டால் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அமெரிக்காவில் கிளம்பிய சமாசாரம் அது. ஆனாலும் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

வாங்குவதில் இரண்டு எச்சரிக்கைகள். ஊருக்கு அனுப்பவென்று இங்கே மின்விளக்குச் சரம் வாங்காதீர்கள். 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம்மூர் 230 வோல்ட்டில் செருகிய நொடியே போய்விடும். பேட்டரியில் எரிவது என்றால் சரி. அடுத்தது, தண்ணீர் நிரம்பிய பனிக் கண்ணாடிக் கோளம். மிகச் சிறியது தவிர மற்றதை விமானத்தில் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள், துணிக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். கண்ணாடிப் பந்துகள் நேர்மாறு: அவை கைப்பையில்தான் பிழைக்கும்.

நாலேமுக்காலுக்கு வெளியே வந்துவிடுங்கள்

கடையிலிருந்து சில நிமிட நடையில் வெள்ளை நிறச் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் ஊரில் உள்ள நினைவுச் சிற்றாலயத்தின் நகல். 1818 டிசம்பர் 24 அன்று, 'ஸைலன்ட் நைட்' என்று உலகம் அறிந்த பாட்டு முதலில் பாடப்பட்ட இடத்தில் அந்த மூலக் கட்டடம் நிற்கிறது. வரிகளை எழுதியவர் பாதிரியார் ஜோசப் மோர், இசை ஃபிரான்ஸ் க்ரூபர். வாலி பிரானர் அதன் நகலை இங்கே எழுப்பி 1992-இல் திறந்தார். போகும் பாதையோரம் அந்தப் பாட்டின் முதல் சரணம் 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் பலகைகளாக நிற்கிறது. கட்டணம் இல்லை. பிரார்த்தனை செய்துகொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். படம் எடுப்பதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வரும்போது விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். கடையைச் சுற்றி அரை மைலுக்குப் போகும் கிறிஸ்துமஸ் லேனில் சுமார் ஒரு லட்சம் விளக்குகள். காரிலேயே மெல்ல ஒரு சுற்று சுற்றலாம்; தாத்தா பாட்டி, கைக்குழந்தை இருந்தால் இதுவே போதும். குளிர் தாங்கும் என்பவர்கள் மறுபடி மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் போய், பகலில் நடந்த அதே தெருவில் ஒரு முறை நடங்கள். ஆறு மணிக்குமேல் பகல்நேரக் கூட்டம் கலைந்து, குதிரை வண்டிக்கு நிற்கும் வரிசையும் குறைந்திருக்கும். ப்ரெட்ஸலோ சூப்போ வாங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது, மதியக் கோழி இன்னும் வயிற்றில் இருக்கும்.

திரும்பும்போது கார் கண்ணாடி கழுவும் திரவம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாலை உப்பு கண்ணாடியில் அப்பினால் எதிர் வண்டி வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. எம்-83-இல் மான்கள் குறுக்கே ஓடும், வேகம் வேண்டாம். பனிப்புயல் அறிவிப்பு இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். ஜனவரி இறுதியில் ஸ்னோஃபெஸ்ட் என்று பனியிலும் பனிக்கட்டியிலும் சிலை செதுக்கும் விழா வருகிறது, அப்போது போகலாம்.

அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வருவது பெரும்பாலும் கோடையில்தான், கிறிஸ்துமஸைக் காட்ட முடியவில்லையே என்று பலர் குறைப்படுகிறார்கள். கடை ஜூலையிலும் திறந்திருக்கும், கிறிஸ்துமஸ் லேன் விளக்குகள் ஆண்டு முழுவதும் மாலையில் எரியும். ஸ்வெட்டர் வேண்டாம், வழுக்கும் பயம் இல்லை, மேசைக்குக் காத்திருப்பதும் குறைவு. ஒன்றே ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள்: ஜூன், ஜூலையில் அங்கே இருட்ட இரவு ஒன்பதரை ஆகும், எனவே வீட்டிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் போதும்.